செவிலியர் கல்வியும் வெளிநாட்டுப் பணியும்: நம் பெண்மக்களுக்கு ஒரு வழிகாட்டல்

(நம் ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் நடைபெற்ற பெற்றோர் - மாணவியர் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மார்க்க உரை நிகழ்த்த வேண்டிய இமாம், நர்சிங் படிப்பைப் பற்றியும் வெளிநாட்டு உரிமத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் எண்ணக் கூடும். அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மஃக்ரிப் தொழுகை முடிந்த வேளையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா?" என்று கேட்டார். இரவுப் பணி, ஆண் நோயாளிகள், வெளியூர் விடுதி ஆகியவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, "வேண்டாம், வேறு ஏதேனும் படிக்கட்டும்" என்று நாம் சொன்னோம். அவரும் மறுபேச்சின்றிச் சென்றுவிட்டார்.

அதன் பின்னர் நம் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பிரசவத்திற்காக மருத்துவமனையில் சேர்த்திருந்த இரவில், "பெண் செவிலியர்தாம் பார்க்க வேண்டும்" என்று நாமே வாசலில் நின்று வேண்டினோம். அல்லாஹ்வின் அருளால் அவ்வாறே நடந்தது. விடியும்வரை கண் துஞ்சாமல் பணி செய்த அந்தச் சகோதரி வேறு ஒரு சமயத்தைச் சேர்ந்த வீட்டின் மகள். ஃபஜ்ருக்கு ஒளூ செய்யும் போது அந்தத் தகப்பனாரின் முகம் நம் கண்முன் வந்து நின்றது. நம் வீட்டுப் பெண்களுக்குப் பெண் செவிலியர் வேண்டும்; ஆனால் அந்தச் செவிலியர் யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்து வர வேண்டும்! இது என்ன நியாயம்? நாம் கொடுத்த ஆலோசனை முழுமையானதன்று என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கின்றோம். அதை ஓரளவேனும் ஈடு செய்யவே இந்த உரை.

நம் வரலாற்றில் செவிலியர்

இப்பணி நமக்குப் புதியதன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி ஒரு கூடாரம் இருந்தது. அதில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) என்னும் பெண்மணி. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடந்த அகழ்ப் போரில் ஸஃது பின் முஆத் (ரலி) அவர்கள் படுகாயமுற்ற போது, அவர்களை அந்தக் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கும்படி செய்தவர்கள் நபி (ஸல்) அவர்களேயாவர். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று நோயாளிகளைக் கவனித்தவர்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களும் காயமுற்றோருக்குத் தண்ணீர் புகட்டி மருந்திட்டவர்கள். மஸ்ஜிதை ஒட்டியே இடம் பெற்றிருந்த ஒரு பணியை, அதே மஸ்ஜிதின் மிம்பரைக் காட்டித் தாழ்வாகப் பேசுவது எவ்வாறு தகும்?

இன்று உலகில் இப்பணிக்கு உள்ள தேவையையும் அறிந்து கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் உலகெங்கும் சுமார் 2 கோடியே 98 இலட்சம் செவிலியர் இருந்தனர். அப்படியும் 58 இலட்சம் பேர் பற்றாக்குறை. உலகில் பணியாற்றும் செவிலியரில் ஏழு பேருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டில் அன்றி வேறு நாட்டில் பணிபுரிகிறார். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் பெண்கள் 1960களிலேயே ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றனர். பாலக்கோட்டிலிருந்து தக்காளியும் மாங்காயும் எத்தனையோ ஊர்களின் சந்தைகளுக்குச் செல்கின்றன. நம் பிள்ளைகளின் கல்வி மட்டும் இந்த ஊர் எல்லையிலேயே நின்றுவிட வேண்டுமா?

அடித்தளம் சரியாக இருக்க வேண்டும்

வெளிநாட்டு உரிமம் என்பது மேல்மாடி. அடித்தளம் இங்கே போடப்படுகிறது. அடித்தளத்தில் செய்த பிழையைப் பின்னர் எந்த நாட்டிலும் திருத்த இயலாது.

செவிலியர் கல்வியில் மூன்று நிலைகள் உண்டு. ஏ.என்.எம். என்பது 2 ஆண்டுப் படிப்பு. கிராமப்புற சுகாதாரப் பணிக்கு உரியது. ஜி.என்.எம். என்பது 3 ஆண்டுப் பட்டயம். பி.எஸ்ஸி. நர்சிங் என்பது 4 ஆண்டுப் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தோருக்கு உரியது. ஜி.என்.எம். முடித்தோர் மேலும் 2 ஆண்டுகள் படித்துப் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பெறலாம். வெளிநாட்டில் பதிவு பெற்ற செவிலியராக வேண்டுமெனில் ஏ.என்.எம். போதாது. பி.எஸ்ஸி. பட்டத்திற்கே வாய்ப்புகள் மிகுதி.

இவை தவிர, சிறிய ஊர்களில் மாடிக் கட்டடங்களில் "நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்" என்ற பெயர்களில் ஆறு மாதம், ஓராண்டுப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. இவற்றை முடித்தோர் மருத்துவமனையில் உதவியாளராகப் பணி செய்யலாம். அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய இயலாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி செவிலியர் அல்லர். வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிவித்துப் படம் எடுத்து மாட்டியிருப்பதைக் கண்டு, நம் தாய்மார்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்ப்பதாயினும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா?" பதிலை அவர்கள் வாயால் மட்டும் கேட்டுக் கொள்ளாமல், கவுன்சிலிடமும் விசாரியுங்கள்.

நம் ஊருக்குப் பெங்களூர் அருகில் இருப்பதால் பலர் தரகர் மூலம் அங்குள்ள கல்லூரிகளில் சேர்க்கின்றனர். நல்ல கல்லூரிகள் அங்கு உண்டு, அல்லாதவையும் உண்டு. பல்கலைக்கழக இணைப்பு, மாநில கவுன்சிலின் அங்கீகாரம், பயிற்சி பெறுவதற்கு உண்மையில் நோயாளிகள் உள்ள மருத்துவமனை ஆகிய மூன்றையும் நேரில் சென்று பாருங்கள். நம் அருகில் சேலம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தும் பி.எஸ்ஸி. நர்சிங் கல்லூரி உள்ளது. அரசு ஒதுக்கீட்டிற்கு விண்ணப்பிக்காமலேயே தரகரிடம் செல்வது, கிணறு வீட்டில் இருக்கத் தண்ணீரை விலைக்கு வாங்குவது போன்றதாகும்.

படிப்பு முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தல். கர்நாடகத்தில் படித்தோர் அங்குப் பதிவு செய்துவிட்டு, தமிழ்நாட்டில் பணியாற்ற இங்கும் பதிய வேண்டும். பதிவைக் காலாவதியாக விடலாகாது. வெளிநாட்டார் முதலில் கேட்பதே, "உம் சொந்த ஊரில் உமக்கு நடப்பிலுள்ள உரிமம் இருக்கிறதா?" என்பதைத்தான். அடுத்து அனுபவம். வளைகுடா நாடுகளில் பொதுவாக 2 ஆண்டு மருத்துவமனை அனுபவத்தை எதிர்பார்க்கின்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, டயாலிசிஸ், பிரசவப் பிரிவு போன்ற ஏதேனும் ஒரு பிரிவில் பெற்ற அனுபவத்திற்கு மதிப்பு கூடுதல்.

பெயரில் உள்ள பிழை

சகோதரர்களே! இப்போது நாம் கூறப் போவது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் நம் சமுதாயத்தில் மிகுதியான விண்ணப்பங்கள் சிக்கிக் கொள்ளக் கூடிய இடம் இதுவே.

நம்மில் வீட்டில் உருது பேசுவோரும் உள்ளனர், தமிழ் பேசுவோரும் உள்ளனர். ஒரே பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதுகின்றோம். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்றோரிடத்தில் முழுப் பெயராகவும் வருகிறது. முஹம்மது என்னும் திருப்பெயரை எத்தனை விதமான எழுத்துக் கூட்டலில் எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்! "பீ", "பேகம்", "பானு" ஆகியவை ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றொன்றில் இராது.

வளைகுடா நாடுகளின் சுகாதார ஆணையங்கள் சான்றிதழ்களைத் தாமே நேரில் பார்த்து ஏற்பதில்லை. டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனத்தின் மூலம், பட்டத்தைப் பல்கலைக்கழகத்திடமும், பதிவைக் கவுன்சிலிடமும், அனுபவத்தை மருத்துவமனையிடமும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்கின்றன. அப்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் வேறுபட்டால் கோப்பு நின்றுவிடும். எனவே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் நாளிலேயே தகப்பனார்கள் விழிப்புடன் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ளவாறே பாஸ்போர்ட்டும் அமைய வேண்டும். வேறுபாடு ஏற்கெனவே இருப்பின், வெளிநாட்டு விண்ணப்பத்திற்கு முன்பே முறைப்படி திருத்திக் கொள்ளுங்கள்.

நிகாஹ் பதிவேட்டை எழுதும் நமக்கும் இதில் பொறுப்புண்டு. மணமக்களின் பெயரைக் காதால் கேட்டு எழுதும் பழக்கத்தை நாம் நிறுத்திக் கொண்டோம். ஆவணத்தைப் பார்த்தே எழுதுகின்றோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும். கணவரையோ மனைவியையோ குடும்ப விசாவில் அழைக்கும் போது அந்த அரசுச் சான்றே கேட்கப்படும்.

சரிபார்ப்பு குறித்து மற்றொரு எச்சரிக்கை. பணியாற்றாத மருத்துவமனையின் பெயரில் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சிலர் முன்வருவர். பொய்ச் சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதன் பாவம் இன்னும் கடுமையானது. உலக வகையில் பார்த்தாலும், சரிபார்ப்பில் அது போலி என வெளிப்பட்டால் அந்த விண்ணப்பம் மட்டுமன்றி, எதிர்கால வாய்ப்புகளும் அடைபட்டுவிடும்.

எந்த நாட்டிற்கு எந்த வழி?

சவூதி அரேபியாவில் உரிமம் வழங்குவது சுகாதாரச் சிறப்புத் துறைகளுக்கான சவூதி ஆணையம். சான்றிதழ் சரிபார்ப்பும், பிரோமெட்ரிக் எனப்படும் கணினித் தேர்வும் உண்டு. அமீரகத்தில் துபாய்க்குத் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அதன் சுகாதாரத் துறை, ஷார்ஜா முதலிய இடங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் என ஆணையங்கள் பல. எனவே வேலை எந்த ஊரில் என்பதை உறுதி செய்த பின்னரே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். கத்தர், ஓமான், பஹ்ரைன், குவைத் ஆகியவற்றிற்கும் இதே போன்ற முறைகள் உள்ளன. சான்றிதழ்களுக்கு நம் அரசின் அத்தாட்சியும் வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அபோஸ்டில் முத்திரை போதும். சவூதி 2022இல் அதில் சேர்ந்தது. சேராத நாடுகளுக்குத் தூதரக அத்தாட்சி பெற வேண்டும்.

பிரிட்டனில் உரிமம் தருவது செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். முதலில் ஆங்கிலத் திறன்: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, எழுதுதலில் 6.5; அல்லது மருத்துவத் துறைக்கே உரிய ஓ.இ.டி. தேர்வு. அடுத்து சி.பி.டி. என்னும் கணினித் தேர்வு. இதை இந்தியாவிலேயே எழுதலாம். இறுதியாக பிரிட்டன் சென்ற பின் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு. அங்கு 2023க்குப் பின் வெளிநாட்டுச் செவிலியரைச் சேர்த்தல் பெரிதும் குறைந்துள்ளது என்பதையும் மறவாதீர்கள்.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வு. விடையளிப்பவரின் திறனுக்கேற்பக் கேள்விகள் மாறும். குறைந்தது 85, கூடியது 150 கேள்விகள். இத்துடன் சான்றிதழ் மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும் உண்டு. தேர்வில் வென்ற பின்னும், இந்தியருக்கான குடியேற்ற விசாவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடுகிறது. ஆஸ்திரேலியாவும் இதே தேர்வையும், பின்னர் ஒரு செய்முறைத் தேர்வையும் கேட்கிறது.

ஜெர்மனிக்கு மொழியே வாயில். பி1 நிலை வரை ஜெர்மன் கற்றுச் சென்று, அங்கே பி2 நிலையையும் தகுதி அங்கீகாரத்தையும் பெறுவது பொதுவான வழி. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021இல் ஜெர்மன் அரசு அமைப்புகளுடன் "டிரிபிள் வின்" ஒப்பந்தம் செய்து, கட்டணமின்றி மொழி கற்பித்து அனுப்பி வருகிறது.

விதிகளும் கட்டணங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த ஆணையத்தின் அறிவிப்பையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். இந்த உரையைக் கூட அல்ல.

தரகர்களும் கடனும்

2014ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். இராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் போரில் சிக்கிக் கொண்டனர். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். ஆயுதக் குழுவினரால் மோசூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, ஜூலை 5ஆம் நாள் கொச்சி வந்து சேர்ந்தனர். உயிர் தப்பிய மகிழ்ச்சிக்கு இடையிலும் அவர்களில் பலர் கூறியது கடனைப் பற்றித்தான். தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடையாததால், போர் நெருங்குவதை அறிந்தும் உடனே திரும்ப மனம் வராமல் இருந்தோரும் உண்டு. அடுத்த ஆண்டு குவைத் ஆள்சேர்ப்பில், சட்டப்படி ரூ.19,500 பெற வேண்டிய இடத்தில் ரூ.19.5 இலட்சம் பெறப்பட்டது என்று சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. எத்தனை மடங்கு என்று கணக்கிட்டுப் பாருங்கள், நூறு மடங்கு!

இத்தகைய கொடுமைகளுக்குப் பின்னரே 2015இல் மத்திய அரசு ஒரு விதி செய்தது. சவூதி, அமீரகம், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புவது அனுமதிக்கப்பட்ட அரசு நிறுவனங்கள் வழியாகவே நடைபெற வேண்டும் என்பதே அது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் கிண்டியில் உள்ள, 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கேரளத்தில் நோர்க்காவும் ஒடெபெக்கும். மற்ற நாடுகளுக்குத் தனியார் முகவரை நாடுவோர், அவருடைய உரிம எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். சட்டப்படி முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு ரூ.30,000மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் கேட்பவர் எத்தனை இனிமையாகப் பேசினாலும், தொப்பியும் தாடியும் வைத்திருந்தாலும், அவரை நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக் கொள்ளலாம் என்போரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் எவர் கையிலும் விட்டு வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், பணி நேரம், தங்குமிடம், விடுமுறை, திரும்பி வரும் பயணச்சீட்டு ஆகியவற்றைப் படித்துப் புரிந்த பின்னரே கையொப்பமிடச் சொல்லுங்கள்.

மார்க்க வரம்புகள்

இரண்டு கேள்விகளைத் தாய்மார்கள் அடிக்கடி கேட்கின்றனர். முதலாவது, மஹ்ரம் துணை. நம் ஹனஃபி மத்ஹபில், மூன்று நாள் தொலைவுப் பயணத்தைப் பெண் மஹ்ரமின்றி மேற்கொள்ளலாகாது என்பதே சட்டம். பாதுகாப்பான துணையிருப்பின் சில பயணங்களில் சலுகை கூறிய இமாம்களும் உளர். சட்டத்தைத் தளர்த்த நமக்கு அதிகாரமில்லை. ஆயின் சட்டத்தைக் காட்டிக் கல்வியையே மூடிவிடவும் அவசியமில்லை. தகப்பனாரோ சகோதரரோ கணவரோ உடன் சென்று குடியமர்த்தி வரலாம். நெருங்கிய உறவினர் வாழும் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். மணமான பின் குடும்பத்துடன் செல்லலாம். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. எனவே தனித்தனியே வந்து ஆலோசியுங்கள். நம் ஆண் பிள்ளைகளும் இதே படிப்பைப் படிக்கலாம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, ஆண் நோயாளிகளைத் தொடுதல். உயிர் காக்கும் தேவையும் சிகிச்சையும் உள்ள இடத்தில் தேவையின் அளவுக்கு மார்க்கம் இடமளிக்கிறது. பிரசவம், குழந்தைகள் நலம், பெண்கள் பிரிவு ஆகியவற்றை விரும்பித் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு ஒன்றுக்கே ரூ.17,000க்கு மேல் ஆகிறது. ஹலாலான சம்பாத்தியத்திற்காகப் புறப்படும் பெண், வட்டிக் கடனைச் சுமந்து கொண்டு வாசற்படி தாண்டுவது நம் அனைவருக்கும் வெட்கமாகும்.

ஜமாஅத்தின் முன் நம் வேண்டுகோள்

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றோம். ஒன்று, பைத்துல்மாலிலிருந்து தேர்வு மற்றும் சரிபார்ப்புக் கட்டணத்திற்காக வட்டியில்லா அழகிய கடன் வழங்குதல். வேலை கிடைத்ததும் தவணையில் திருப்பிச் செலுத்தினால், அடுத்த பெண்ணுக்கு அது உதவும். இரண்டு, ஒன்பதாம் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் ஆவணங்களில் பெயர்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்க, படித்த இளைஞர் இருவரை நியமித்தல். மூன்று, உரிமத்தைச் சரிபார்க்காமல் எந்த வேலைவாய்ப்பு முகவரின் விளம்பரத்தையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதியாதிருத்தல். நான்கு, ஏற்கெனவே செவிலியராகப் பணியாற்றும் நம் சகோதரிகளை அழைத்து, அவர்கள் வாயிலாகவே மாணவியருக்கு வழிகாட்டுதல்.

வெளிநாடு செல்வது கட்டாயமன்று. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பணியாற்றும் பெண்ணும், நம் ஏழைத் தாய்மார்களுக்குச் செய்யும் சேவையால் சிறந்தவளே. எங்கிருந்தாலும் நோயாளியின் உடல் அவளிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுபவள் அல்லாஹ்விடம் கூலி பெறுவாள்.

அன்று மஃக்ரிபுக்குப் பின் வந்த தகப்பனார் இன்றும் நம் முன் வரிசையில் தொழுகின்றார். அவருடைய இளைய மகள் இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். இம்முறை அவர் கேட்க வரும் வரை நாம் காத்திருக்கவில்லை. நாமே சென்று அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டோம்.

நம் பெண்மக்களின் கல்வியிலும், பாதுகாப்பிலும், ஈமானிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.